கற்போர் உழைப்புரிமைப் பிரகடனம்

முகவுரை

சேர்வராயன் மலையின் நாகலூரில் ஒன்றுகூடிய நாங்கள், கற்கும் உரிமையையும் உழைக்கும் உரிமையையும் பிரிக்கலாகாது என்று அறிவிக்கிறோம். கல்வி எவரையும் கடனாளியாக்கக் கூடாது. உழைப்பு எவருடைய கல்வியையும் கொல்லக் கூடாது. படிப்புச் செலவில் ஒரு பங்கைத் தம் உழைப்பாலும் நேரிய கூலியாலும் மாணவர் தலைநிமிர்ந்து ஈட்டும் ஒழுங்கைத் தமிழ்நாட்டில் நிறுவுவது எங்கள் குறிக்கோள்.

பழைய ஒழுங்கு தன் காலத்தை முடித்துக்கொண்டது. அது ஏழை மாணவருக்கு மூன்று வாயில்களையே திறந்து வைத்தது: கடன், தயவு, இடைநிற்றல். முதலாவது எதிர்காலத்தை அடகு வைத்தது. இரண்டாவது தன்மானத்தை விலையாகக் கேட்டது. மூன்றாவது கனவையே பறித்தது. நாங்கள் நான்காம் வாயிலைத் திறக்கிறோம். அதன் பெயர் உரிமையுள்ள உழைப்பு.

எங்கள் நிலம்

1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் இம்மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். அன்று தொடங்கி இன்றுவரை காப்பி இம்மலையின் செல்வம். காப்பி பறிக்கும் கைகள் இம்மலையின் வறுமை. சில்வர் ஓக் நிழலில் காப்பி வளர்ந்தது, அந்த மரங்களின் மேல் மிளகுக்கொடி படர்ந்தது. தோட்டங்கள் தலைமுறை தலைமுறையாகக் கைமாறின. கூலியும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறியது. சொத்து ஒரு பக்கம் மரபுரிமையாயிற்று. களைப்பு மறு பக்கம் மரபுரிமையாயிற்று.

இங்கே வாழும் மலையாளி மக்கள், தமிழ்நாட்டுப் பழங்குடிகளுள் எண்ணிக்கையில் முதன்மையானவர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அவர்களை மூன்றரை இலட்சத்துக்கு மேல் எண்ணியது. சேர்வராயன், கல்வராயன், கொல்லி, பச்சைமலை, சவ்வாது என மலைதோறும் பரவிய இம்மக்களின் பிள்ளைகள் இன்று பள்ளியின் கடைசிப் படியைக் கடந்து கல்லூரியின் முதல் படியில் நிற்கிறார்கள். தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளும் அதே படியில் அவர்களோடு நிற்கிறார்கள். அந்த இரு படிகளுக்கு இடைப்பட்ட பள்ளத்தை நிரப்பவே இவ்வியக்கம் பிறக்கிறது.

இம்மலையில் உள்ள ஏற்காட்டின் விடுதிப் பள்ளிகள் நாடறிந்தவை. வசதி படைத்தோரின் பிள்ளைகள் கல்வி தேடி மலையேறி வருகிறார்கள். மலையின் பிள்ளைகளோ கல்வி தேடி 20 கொண்டை ஊசி வளைவுகள் கீழிறங்குகிறார்கள். ஏறுவோருக்கு வசதி துணை. இறங்குவோருக்கு எவர் துணை என்பதே எங்கள் காலத்தின் வினா.

அரசுக் கல்லூரியின் கட்டணம் சிறிது. அக்கல்லூரியை அடையும் செலவு பெரிது. பேருந்து, அறை வாடகை, மெஸ், தேர்வுக் கட்டணம், புத்தகம், கைபேசி ரீசார்ஜ், முதல் நாள் உடுத்தும் உடுப்பு, செய்முறை வகுப்பின் பதிவேடு: இவை எந்தக் கட்டண அறிவிப்பிலும் இடம்பெறாத கட்டணங்கள். இவற்றைக் கட்ட இயலாதவர் பெயர் எந்தத் தோல்விப் பட்டியலிலும் ஏறுவதில்லை. வருகைப் பதிவேட்டிலிருந்து ஒரு நாள் மறைந்துவிடுகிறது.

நகையும் நன்றியும்

இந்நாட்டில் ஏழையின் உயர்கல்விக்கு முதல் வங்கியாக இருந்தது பெண்களின் நகை. சென்னை எம்.ஐ.டி.யில் சேர அப்துல் கலாமுக்குப் பணம் வேண்டியிருந்தபோது, அவருடைய அக்கா ஜோஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். மராட்டியத்துச் சாதாராவில் கல்வியாளர் பாவுராவ் பாட்டீல் நடத்திய விடுதியின் மாணவர்கள் பசியாற, அவர் மனைவி லட்சுமிபாய் தம் நகைகளை ஒவ்வொன்றாக விற்றார். அந்தத் தாய்மைக்கும் தமக்கைமைக்கும் தலைவணங்குகிறோம். அந்த நிர்ப்பந்தத்துக்கு முடிவு கட்டுகிறோம். அடகுக் கடையின் சீட்டு இனி எந்த மாணவரின் சேர்க்கைச் சீட்டாகவும் இருக்க வேண்டாம்.

ராமேசுவரத்துத் தெருக்களில் செய்தித்தாள் போட்ட சிறுவன் கலாமை நாடு போற்றுகிறது. ஆனால் போற்றுதலோடு நின்றது பழைய ஒழுங்கின் பிழை. ஒருவர் கடந்து வந்த துன்பத்தை அது பாடமாக்கியது. அத்துன்பம் இன்னொருவருக்கு நேராமல் தடுக்கும் ஏற்பாட்டை அது செய்யவில்லை. விதிவிலக்கை வியப்பது எளிது. விதியை மாற்றுவது கடமை. நாங்கள் கடமையைத் தேர்கிறோம்.

எங்கள் முன்னோடிகள்

நாங்கள் வேரற்றவர்கள் அல்லர். 1919-ல் பாவுராவ் பாட்டீல் மராட்டிய மண்ணில் ரயத் கல்வி நிறுவனத்தைத் தொடங்கினார். தன்னுதவியால் கல்வி என்பது அதன் நெறி. எல்லாச் சாதி மாணவரும் ஒரே விடுதியில் சமைத்து, ஒரே பந்தியில் உண்டு, வயலில் உழைத்து, வகுப்பில் கற்றனர். ‘உழைத்துக் கற்போம்’ என்ற அவருடைய நெறி பின்னர் மராட்டியக் கல்லூரிகளில் திட்டமாகவே நிலைபெற்றது. அவர் உழைப்பைச் சாதியிலிருந்து விடுவித்தார். கல்வியைப் பணத்திலிருந்து விடுவித்தார். அவ்விரு விடுதலைகளின் தொடர்ச்சி நாங்கள்.

கடல் கடந்தும் சான்று உண்டு. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைத்தொடரை ஒட்டி, கென்டக்கி மாநிலத்தில், 1855-ல் தோன்றியது பெரேயா கல்லூரி. மலைமக்களின் பிள்ளைகளுக்காக வாயிலைத் திறந்த அக்கல்லூரி, 1892 முதல் மாணவரிடம் பயிற்றுக் கட்டணம் வாங்குவதில்லை. அங்கே ஒவ்வொரு மாணவரும் வாரத்துக்குக் குறைந்தது 10 மணி நேரம் கல்லூரியின் ஏதேனும் ஒரு பணியில் ஈடுபடுகிறார். அதே நாட்டில் 1964-ல் வந்த சட்டம், மாணவர் வேலைக்குரிய ஊதியத்தின் பெரும்பங்கை அரசே ஏற்கும் முறையைத் தொடங்கியது. ஒரு மலை செய்ததை இன்னொரு மலை செய்யும். ஓர் அரசு ஏற்றதை இன்னோர் அரசு ஏற்கும்.

தமிழ்நாட்டின் கொடைகளையும் நாங்கள் மறக்கவில்லை. 1956-ல் காமராசர் பரவலாக்கிய மதிய உணவு, பசியைக் கல்வியின் எல்லைக்கு வெளியே நிறுத்தியது. 2022-ல் வந்த புதுமைப்பெண் திட்டமும் 2024-ல் வந்த தமிழ்ப்புதல்வன் திட்டமும் அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கு வந்தோர் கையில் மாதம் 1,000 ரூபாயை வைத்தன. 2021-ல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, மாலை நேரத்தில் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்த தன்னார்வலருக்கு மாத ஊக்கத்தொகை தந்தது. இவை எங்கள் அடித்தளம். அடித்தளத்தை வீடென்று எண்ணி எவரும் நின்றுவிட மாட்டார்; நாங்கள் சுவர் எழுப்ப வந்திருக்கிறோம்.

நாங்கள் நிலைநாட்டுவன

ஒன்று: தேர்வுச் சுதந்திரம். மாணவர் செய்யும் வேலை அவர் தேர்ந்த வேலையாக இருக்கும். பிறப்பு அதைத் தீர்மானிக்காது. பெற்றோரின் தொழில் அதை வரையறுக்காது.

இரண்டு: கூலியின் முழுமை. மாணவர் என்பதால் கூலி குறையாது. பயிற்சி என்ற பெயரால் கூலி மறையாது. வளர்ந்தவர் செய்யும் வேலையை மாணவர் செய்தால், வளர்ந்தவர் பெறும் கூலியை மாணவர் பெறுவார். அக்கூலி அவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில், மாதம் தவறாமல் சேரும்.

மூன்று: நேரத்தின் எல்லை. வகுப்புக் காலத்தில் வாரத்துக்கு 15 மணி நேரம் எல்லை. தேர்வுக்கு முந்தைய மூன்று வாரங்களில் எந்த வேலையும் கட்டாயம் ஆகாது. அதனால் எவரும் வேலையை இழக்கவும் ஆகாது. முதலாண்டில் சேர்வோர் பலர் 17 வயதினர்; 18 நிரம்பாதவருக்கு இரவுப் பணி இல்லை, ஆபத்தான பணி இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு வேலையே இல்லை. அவர்களின் வேலை கற்பதும் விளையாடுவதும்.

நான்கு: படிப்போடு பொருந்தும் பணி. கற்ற பாடம் கைத்தொழிலைக் கூர்மையாக்கும். செய்த தொழில் பாடத்தை உறுதியாக்கும். காப்பிக் களத்தில் ஈரப்பதம் அளப்பவர் வேதியியல் மாணவராகட்டும். அராபிகா செடியை அரிக்கும் வெள்ளைத் தண்டுத் துளைப்பானைத் தோட்டம் தோறும் கண்காணித்துப் பதிவு செய்பவர் விலங்கியல் மாணவராகட்டும். கூட்டுறவுச் சங்கத்தின் வரவு செலவை எழுதுபவர் வணிகவியல் மாணவராகட்டும். ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 1963-ல் நிறுவிய தேசிய ஆர்க்கிட் பூங்காவில் துணைநிற்பவர் தாவரவியல் மாணவராகட்டும். சாமையும் தினையும் விதைத்த காலத்தின் நினைவுகளை முதியோர் வாயிலிருந்து தொகுப்பவர் வரலாற்று மாணவராகட்டும். சுமப்பதற்கு மட்டுமே தகுதியுடையவர்கள் என்று எண்ணப்பட்ட கைகள் இனி அளக்கும், எழுதும், ஆராயும்.

ஐந்து: வேலை தரும் பொறுப்பு. கல்லூரியே முதல் முதலாளியாக வேண்டும். நூலகம், ஆய்வகம், அலுவலகம், விடுதி, தோட்டம் ஆகியவற்றில் மாணவருக்குரிய பணிகளை அது ஒதுக்க வேண்டும். ஊராட்சி, தோட்டக்கலைத் துறை, பழங்குடியினரின் கூட்டுறவுச் சங்கங்கள் அடுத்த நிலையில் நிற்க வேண்டும். கூலியின் பெரும்பங்கை அரசும், எஞ்சியதை வேலை பெறும் நிறுவனமும் ஏற்க வேண்டும். 2005-ன் ஊரக வேலை உறுதிச் சட்டம், ஊரகக் குடும்பத்துக்கு ஆண்டில் 100 நாள் வேலையை உரிமை என்று சொன்னது. கற்போருக்கு வாரத்தில் சில மணி நேரம் உரிமையென்று சொல்லும் சட்டம் அதன் இயல்பான வளர்ச்சி.

ஆறு: பெண்களின் பாதுகாப்பு. மாணவி வேலை முடித்து விடுதிக்கோ வீட்டுக்கோ திரும்பும் வழி, வேலை தருவோரின் பொறுப்பு. கடைசிப் பேருந்து புறப்பட்ட பின் எந்த மாணவியின் பணியும் நீளாது. கழிவறையும் ஓய்விடமும் இல்லாத இடம் மாணவியின் பணியிடம் ஆகாது.

மலையின் நாட்காட்டி

இம்மலைக்கு இரண்டு உச்சங்கள் உண்டு. நவம்பரில் காப்பிப் பழம் சிவக்கிறது. சனவரி தாண்டியும் பழம் பறிப்பு நடக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் சுற்றுலாக் கூட்டமும் மலையை நிரப்புகின்றன. கல்லூரிக்கும் இரண்டு உச்சங்கள் உண்டு. ஒற்றைப்படைப் பருவத் தேர்வு நவம்பரை ஒட்டி வருகிறது. இரட்டைப்படைப் பருவத் தேர்வு ஏப்ரலை ஒட்டி வருகிறது.

கூலி மிகும் காலமும் தேர்வு வரும் காலமும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. வீட்டுக்குப் பணம் வேண்டிய வாரத்தில் மாணவர் தேர்வறையில் இருக்க வேண்டும். தேர்வறையில் இருக்க வேண்டிய வாரத்தில் மேஸ்திரி ஆள் தேடுகிறார். இந்த மோதலில் தோற்றவர்களையே உலகம் ‘படிப்பு ஏறாதவர்கள்’ என்று அழைத்தது. அவர்களுக்குப் படிப்பு ஏறியது, நாட்காட்டி இடறியது.

ஆகவே நாட்காட்டியின் நீதியை நாங்கள் கோருகிறோம். பறிப்புக் காலத்தின் ஒரே கொழுத்த வாரத்தை நம்பி மாணவர் வாழ வேண்டியதில்லை. ஆண்டு முழுதும் சீராகப் பரவிய, எல்லை வகுத்த, தேர்வுக்கு வழிவிடும் வேலை அவருக்கு வேண்டும். மலைப்பகுதி மாணவர் மிகுந்த கல்லூரிகள், தேர்வு அட்டவணையை வகுக்கும்போது மலையின் பருவத்தைக் கருத்தில் கொள்ள வேண்டும். மலை கல்லூரிக்கு வளைந்தது போதும். கல்லூரியும் மலைக்கு வளையட்டும்.

நாங்கள் மறுப்பன

குலத்தொழிலின் மறுபிறப்பை மறுக்கிறோம். சேலத்தில் வழக்கறிஞராகப் பொதுவாழ்வைத் தொடங்கிய இராஜாஜி, 1953-ல் முதலமைச்சராக இருந்தபோது, பள்ளி நேரத்தைச் சுருக்கி எஞ்சிய பொழுதில் பெற்றோர் தொழிலைக் கற்கும் திட்டத்தைக் கொண்டுவந்தார். தமிழ்நாடு அதைக் குலக்கல்வி என்றழைத்து எதிர்த்தது. 1954-ல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. அந்தத் தீர்ப்பு இறுதியானது. அதை நாங்கள் எங்கள் பிறப்புரிமையாகப் பெற்றிருக்கிறோம். கல்வி நேரத்தை வெட்டித் தொழிலுக்குக் கொடுத்தது அத்திட்டம். உழைத்த கூலியைக் கல்விக்குக் கொடுப்பது எங்கள் இயக்கம். அது மகனைத் தந்தையின் இடத்தில் நிறுத்த விரும்பியது. நாங்கள் மகளையும் மகனையும் அவர்கள் விரும்பும் இடத்துக்கு அனுப்ப விரும்புகிறோம்.

கொத்தடிமையின் புதுப் பெயர்களை மறுக்கிறோம். மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகளில் இளம்பெண்களைச் சில ஆண்டுகள் விடுதிக்குள் அடைத்து, ஒப்பந்த முடிவில் மொத்தத் தொகை தருவதாகச் சொன்ன முறைக்குச் ‘சுமங்கலி’ என்று மங்கலப் பெயர் சூட்டினார்கள். ‘வேலையும் படிப்பும்’ என்ற வாசகத்தோடு வரும் ஒவ்வொரு விளம்பரத்தையும் இனி நாங்கள் நான்கு வினாக்களால் அளப்போம்: கூலி மாதந்தோறும் கைக்கு வருகிறதா? வாயிற்கதவு திறந்திருக்கிறதா? பாடத்துக்கு நேரம் இருக்கிறதா? சான்றிதழ் மாணவரிடமே இருக்கிறதா? நான்கில் ஒன்று பொய்த்தாலும் அது வேலையன்று, சிறை.

களைப்பின் புகழ்ச்சியை மறுக்கிறோம். முகூர்த்த நாள்களில் கேட்டரிங் வேலைக்குப் போய் நள்ளிரவு வரை பந்தியில் பரிமாறி, விடியற்காலை வண்டியில் திரும்பி, முதல் மணி வகுப்பில் கண்ணயரும் மாணவரைச் ‘சாதனையாளர்’ என்று மேடையேற்றுவது அவரை ஏய்ப்பதாகும். ஜவுளிக்கடையில் பன்னிரண்டு மணி நேரம் நின்ற கால்களுக்குக் கைதட்டல் மருந்தாகாது. உறக்கம் மாணவரின் உரிமை. ஓய்வு கல்வியின் ஒரு பாடவேளை.

அரசின் பின்வாங்கலை மறுக்கிறோம். மாணவர் ஈட்டுகிறார் என்ற காரணத்தால் உதவித்தொகை குறையக் கூடாது, கட்டணம் உயரக் கூடாது, விடுதி மூடப்படக் கூடாது. பழங்குடி மாணவருக்கு உதவித்தொகை உரியது, கூலியும் உரியது. ஒன்றைக் காட்டி மற்றொன்றைப் பறிப்பவர் இரண்டையும் பறிக்கிறார். தாமதமாக வரும் உதவித்தொகை மறுக்கப்பட்ட உதவித்தொகை. தேர்வுக் கட்டணத்தின் கடைசி நாளுக்கு முன் அது வந்தாக வேண்டும்.

தொழிலாளருக்கு எதிராக மாணவரை நிறுத்தும் சூழ்ச்சியை மறுக்கிறோம். நிரந்தரத் தொழிலாளியின் இடத்தில் மலிவான மாணவரை அமர்த்தும் எந்த ஏற்பாட்டிலும் நாங்கள் பங்குபெற மாட்டோம். எங்கள் தாயின் கூலியைக் குறைத்து எங்கள் கட்டணத்தைக் கட்ட நாங்கள் ஒப்பவில்லை. தோட்டத் தொழிலாளியின் போராட்டமும் மாணவரின் போராட்டமும் ஒரே வீட்டில் விளக்கெரியும் போராட்டங்கள்.

தயவின் அரசியலை மறுக்கிறோம். நோட்டுப் புத்தகத்தின் அட்டையில் வள்ளலின் படம், வழங்கும் விழாவில் மாணவரின் குனிந்த முதுகு: இக்காட்சியின் காலம் முடிந்தது. கொடுப்போரை நாங்கள் இகழவில்லை. கொடுப்போர் இல்லாமலும் கற்கும் நிலையை நிறுவுகிறோம்.

எங்கள் கடப்பாடுகள்

உரிமை கேட்கும் நாங்கள் பொறுப்பையும் ஏற்கிறோம். ஏற்ற பணியை நேர்மையாகச் செய்வோம். எண்ணிய மணி நேரத்தை மெய்யாக உழைப்போம். எந்தப் பணியையும் இழிவென்று ஒதுக்க மாட்டோம். எந்தப் பணியையும் ஒரு சாதிக்குரியதென்று ஒதுக்கிவைக்கவும் மாட்டோம். விடுதியின் கூட்டுமாற்றையும் ஆய்வகத்தின் நுண்ணோக்கியையும் எல்லோரும் முறைவைத்து எடுப்போம்.

ஊர்தோறும் கற்போர் குழு அமைப்போம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அறிவோம். கல்லூரியில் சேர்ந்தவர், சேராதவர், சேர்ந்து விலகியவர் என்று மூன்று ஏடுகள் வைப்போம். மூன்றாம் ஏடு வெறுமையாகும் ஆண்டே எங்கள் வெற்றியின் முதல் ஆண்டு. விண்ணப்பம் நிரப்பத் தெரியாத வீட்டுக்கு நிரப்பத் தெரிந்தவர் செல்வார். சாதிச் சான்றுக்கு அலையும் குடும்பத்தோடு அலுவலகம் அறிந்தவர் செல்வார். முன்னே சென்றவர் பின்னே வருபவருக்கு வழிச்செலவு. இதுவே எங்கள் சேமிப்பு, இதுவே எங்கள் வட்டி.

வேலை தருவோரோடு வெளிப்படையாகப் பேசுவோம். மாணவர் வேலைக்கு எழுத்தில் ஒப்பந்தம் கேட்போம். அதில் நேரம், கூலி, விடுப்பு மூன்றும் இருக்கும். நேர்மையான தோட்டத்தை, விடுதியை, கடையை ஊரறியப் பாராட்டுவோம். கூலியைப் பிடித்து வைப்போரை ஊரறியக் கேள்வி கேட்போம்.

அறைகூவல்

நாகலூரில் எழும் இக்குரல் நாகலூருக்கு மட்டும் உரியதன்று. நீலகிரியின் தேயிலைத் தோட்டத்திலும், வால்பாறையின் லயன் வீட்டிலும், கொல்லிமலையின் மிளகுத் தோட்டத்திலும், டெல்டாவின் நடவு வயலிலும், சிவகாசியின் தீப்பெட்டி ஆலையிலும் இதே வினாவோடு ஒரு பிள்ளை மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்திருக்கிறது. மலை தொடங்குகிறது, சமவெளி தொடரும்.

மாணவர்களே, உங்கள் வறுமை உங்கள் குற்றமன்று. அதை வெல்வது உங்கள் தனிப்பட்ட சாகசமும் அன்று. தனித்து உழைத்தால் களைப்பீர்கள். சேர்ந்து கோரினால் வெல்வீர்கள். பெற்றோர்களே, நகைப் பெட்டியை மூடுங்கள். இந்த இயக்கத்தின் ஏட்டில் பிள்ளையின் பெயரை எழுதுங்கள். ஆசிரியர்களே, வருகைப் பதிவேட்டில் வராதவர் பெயருக்கு எதிரே காரணத்தையும் எழுதுங்கள். அக்காரணங்களின் தொகுப்பே நாளைய சட்டத்தின் முகவுரை. ஆட்சியாளர்களே, உணவை உரிமையாக்கிய தமிழ்நாடு உழைத்துக் கற்பதையும் உரிமையாக்கும்; அதை உங்கள் காலத்தில் செய்வதா, அடுத்தவர் காலத்துக்கு விடுவதா என்பது மட்டுமே நீங்கள் முடிவுசெய்ய எஞ்சியிருக்கிறது.

கூலி நேர்மையாகும், கல்வி நிறைவாகும். இம்மலையின் கைகள் பட்டம் பெறும். இம்மலையின் பட்டங்கள் கைகளை மறவா. இக்கொள்கையை ஏற்போர் அனைவரும் எம்மவர். இக்கொள்கை சட்டமாகும் நாள்வரை எங்கள் இயக்கம் ஓயாது.